மூச்சை வெட்டிய பாட்டு

போன வருஷம் ஆனி மாதம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் நான் வைத்திருக்கும் ஒலிப்பதிவு அறையில் நடந்தது இது. குற்றாலத்தில் சாரல் தொடங்கி, அந்தக் காற்று எங்கள் மொட்டை மாடி வரைக்கும் வந்துகொண்டிருந்த நாட்கள்.

விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் என் பெருமையைக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸ் பாட்டு சிடி போடுவதற்காகத்தான் அந்த அறையை ஆரம்பித்தேன். சபைப் பாடகர் குழுக்கள்தான் என் வாடிக்கையாளர்கள். கூட்டமாகப் பாடும்போது பெரிய தொல்லை மூச்சு. நாற்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தால் கோயிலுக்குள் காற்று புகுந்த மாதிரி கேட்கும். அதை ஒவ்வொரு வரிக்கும் நுணுக்கி நுணுக்கி வெட்டி எடுப்பேன். "இவங்க கையில கொடுத்தா பாட்டு கண்ணாடி மாதிரி வரும்" என்று பேரும் வாங்கியிருந்தேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருமுறை ஒரு சபைக்காரர், முதல் டேக்கில், அதாவது முதல் தடவை பாடிப் பதிந்ததில்தான், நன்றாகப் பாடினதாகச் சண்டை பிடித்தார். சரி என்று அதைப் பத்துப் பேர் முன்னால் போட்டுக் காட்டினேன். சுருதி தப்பினது எல்லோருக்கும் கேட்டதில் அவருக்கு முகம் செத்துவிட்டது, ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன். கடைசிப் பிரதியைக் கொடுத்த கையோடு மற்ற டேக்குகளை எல்லாம் அழித்துவிடுவேன். வம்பே வேண்டாம் பாருங்கள்.

ராப் பாடுகிறவர்கள் தாமாக வந்து சேர்ந்தார்கள். வேறு யாரும் அவர்களை உள்ளே விடவில்லை, நான் விட்டேன். முதலில் வந்தவர்கள் பாளையங்கோட்டை வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். அமெரிக்காக்காரன் மாதிரி மூக்கால் பாடுவார்கள். மதுரையைத் தாண்டிப் போகாத பிள்ளைகள் நியூயார்க் தெருவைப் பற்றிப் பாடுவார்கள். பிறகு மலேசியப் பாட்டுகள் மெமரி கார்டில் வந்தன, எல்லோரும் மலேசியத் தமிழுக்கு மாறினார்கள். அது முடிந்ததும் சென்னை. ஐந்து பேர் வந்தால் ஐந்து பேரும் "இன்னா" என்பார்கள். பிறகு யார் ஒரே மூச்சில் அதிகச் சொல்லைக் கொட்டுவது என்று ஒரு போட்டி. அதற்குப் பிறகு ஆட்டோடியூன், குரலை வழவழவென்று மெழுகி விடுகிற கருவி. அதில் போட்டால் யார் பாடினாலும் ஒரே ஆள் பாடின மாதிரி இருக்கும்.

எங்கள் ஊர்ப் பேச்சில் ராப் வந்தது ரொம்பப் பிந்தித்தான். வந்த புதிதில் எல்லாப் பாட்டிலும் அருவாள். சினிமாவில் திருநெல்வேலி என்றாலே அருவாள்தானே. பாடுகிறவன் வீட்டில் தேங்காய் வெட்டக்கூட அருவாள் இருக்குமோ என்னவோ. நல்லவேளை, அதுவும் தணிந்தது. தூத்துக்குடிப் பையன்கள் உப்பளத்தைப் பாடினார்கள், நாகர்கோவில்காரர்கள் அவர்கள் இழுவையிலேயே பாடினார்கள், இங்கே ஒருத்தன் கங்கைகொண்டான் கம்பெனி பஸ்ஸைப் பற்றி அழகாக ஒன்று பாடினான். எந்த வருஷம் எது ஓடுகிறது, எந்த ஊரில் எது ஓடுகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. யார் வந்தாலும் அந்த வருஷத்து மோஸ்தருக்குப் பாட்டைக் கொண்டுவந்துவிடுவேன். அதில் எனக்கு அவ்வளவு கர்வம்.

அந்த ஆனி மாதம் ஒருவர் வந்தார். மேலப்பாளையத்துக்காரர். கல்லூரியில் படித்த காலத்தில் என் அறையில் பாடியவர். சென்னையையே பார்க்காமல் சென்னைத் தமிழில் பொளந்து கட்டிய கூட்டத்தில் அவரும் ஒருவர். இப்போது வளைகுடாவில் வேலை, தாடியில் இரண்டு மூன்று நரை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு.

"அக்கா, ஒரு பாட்டு எடுக்கணும். மவளுக்கு" என்றார்.

மகளுக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்து அவர் அவளோடு இருந்தது மொத்தம் நான்கு மாதம்கூடத் தேறாது. போன தடவை அவர் கிளம்பிப் போனதும் பிள்ளை இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம். இந்தத் தடவை கையில் ஏதாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று, அங்கே அறையில் கிடந்தபடியே எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் திருவனந்தபுரம் விமானத்துக்குக் கிளம்ப வேண்டும். அன்றைக்குச் செவ்வாய்.

உட்கார்ந்துகொண்டே பாடினார். பாடினார் என்பதைவிடப் பேசினார் என்று சொல்லலாம். ஒரு வரி சொல்வார், நிறுத்துவார், மூச்சு இழுப்பார், தொண்டையை லேசாகச் செருமுவார், அடுத்த வரி. வரிகள் மட்டும் எனக்கு உள்ளே தைத்தன.

"உனக்குப் பல்லு முளைச்சத போட்டோவுல பாத்தேன், விழுவதையும் போட்டோவுலதான் பாப்பேன் போல."

ஆனால் இந்தப் பாணி யாருக்குப் பிடிக்கும் என்று என் புத்தி போனது. அவர் போனதும் வேலையில் இறங்கினேன். இடைவெளிகளை மூடினேன். மூச்சு, செருமல் எல்லாவற்றையும் வெட்டினேன். குரலை மெழுகினேன். அப்போது ஓடிக்கொண்டிருந்த மாதிரி அடியில் கனத்த பேஸ் ஒலி போட்டேன். நான்கு நிமிஷப் பாட்டு மூன்றுக்குள் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் அனுப்பினேன். "நல்லா இருக்குக்கா" என்று பதில் வந்தது. பழக்கப்படி டேக்குகளை அழித்துவிட்டுக் காபி போட்டுக் குடித்தேன். என்ன ஒரு திருப்தி எனக்கு.

மறுநாள் காலையில் அவர் மனைவி போனில் பேசினாள். அதற்கு முன் நான் அவளிடம் பேசினதே இல்லை.

"அக்கா, கோவிச்சுக்கிடாதிய. அவுக சொல்லமாட்டாக, அதான் நான் பேசுதேன். பாட்டப் போட்டுக் காட்டுனோம். பிள்ள யாரு பாடுதான்னு கேக்கா. வாப்பாதான்னு சொன்னா நம்ப மாட்டேங்கா."

அவளே தொடர்ந்தாள். "அவளுக்கு வாப்பான்னா போன்ல வாற சத்தந்தானக்கா. நீங்க முதல்ல எடுத்தது இருந்தா அத அப்படியே தந்துருங்க. துவைக்காம தாங்க, போதும்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவளுக்கு இவள் சொல்லித் தருகிறாளா என்று. "பாக்கேன்" என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு ஹெட்போனை மாட்டி நான் செய்ததைக் கேட்டேன். அந்த மாதம் என் அறையில் பாடின மற்ற நான்கு பேரும் அவரும் ஒரே குரலில் இருந்தார்கள். பல்லைப் பற்றிய வரி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. அந்த வரிக்குப் பின்னால் அவர் விட்டிருந்த இடத்தைத்தான் நான் மூடிவிட்டேனே.

அழித்ததை மீட்க மத்தியானம் வரை முட்டி மோதினேன். ஒன்றும் தேறவில்லை. அப்புறம் அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போனாப் போவுதுக்கா, விடுங்க" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாளைக்குப் போற வழியில ஒரு அரைமணி நேரம் வாங்க தம்பி, மறுபடி எடுத்துருவோம்" என்று கெஞ்சினேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கார் வந்து நின்றது. காரின் மேலே பெட்டிகளைக் கட்டியிருந்தார்கள். உள்ளே மனைவியும் மகளும். அப்போது என் அறையில் கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் வரை வராது. பேப்பரில் போட்டிருந்தானாம், பதற்றத்தில் நான் பார்க்கவே இல்லை. இன்வெர்ட்டரில் ஒரு விளக்கும் காற்றாடியும்தான் ஓடும். வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அவர்தான் காரைப் பார்த்தார். "இதுக்குள்ளயே எடுப்போமாக்கா? கண்ணாடிய ஏத்திட்டா சத்தம் வராது."

டிரைவர் டீ குடிக்கப் போனார். நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடிகளை ஏற்றினோம், ஏசியை அணைத்தோம். என் செல்போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்து மைக்கும் கருவியும் மேலே இருட்டில் கிடக்க, கையில் இருந்தது அது ஒன்றுதான். பின்சீட்டில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த கைப்பையில் தாளம் போட்டபடி ஆரம்பித்தார். எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. நடுவில் ஒரு வரி மறந்தது, மனைவி மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். பல்லு வரி வந்ததும் நிறுத்தினார். மூச்சு இழுத்தார், செருமினார்.

அந்த இடைவெளியில் பிள்ளை சொன்னாள், "எனக்கு இன்னும் விழலையே வாப்பா."

என் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போனது, இன்னொரு டேக் எடுக்கலாம் என்று. நல்லவேளை, அழுத்தவில்லை. அவர் "ம்ம், விழட்டும், பைய விழட்டும்" என்று தாளத்தை விடாமல் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு அப்படியே அடுத்த வரிக்குப் போனார்.

முடிந்ததும் போட்டுக் காட்டினேன். முதல் மூச்சும் செருமலும் கேட்டதுமே பிள்ளை என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். வாப்பாவின் மடியிலேயே உட்கார்ந்துகொண்டு, போனுக்குள் இருக்கிற வாப்பாவிடம், "ம்ம், சொல்லுங்க வாப்பா" என்றாள். ஒவ்வொரு வரிக்கும் "ம்ம்" கொட்டினாள். அவர் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி சீலை நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். நான் மறைக்கவெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதேன்.

அந்தப் பதிவில் நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. காரிலேயே இருவர் போனுக்கும் அனுப்பினேன். கார் திருப்பத்தில் மறையும்போது உள்ளே அந்தப் பாட்டு மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி பேசினாள். பிள்ளை தினமும் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து, பாட்டைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறாளாம். "உங்க கைராசிக்கா" என்றாள். கைராசியாம். அந்தக் கை செய்த வேலை அவளுக்குத் தெரியாதா என்ன. பெரிய மனசு.

அவர் சம்மதத்தோடு அந்தக் கார்ப் பதிவை இங்கே வருகிற பாட்டுக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவேன். கேட்டுவிட்டு, "இந்த சத்தம் எந்த சாப்ட்வேர்லக்கா வருது?" என்று கேட்கிறார்கள். போன மாதம் வந்த ஒருத்தன் தன் பாட்டிலும் மூச்சை விட்டு வைக்கச் சொன்னான். இனி இதுவும் ஒரு மோஸ்தர் ஆகும், ஆகட்டும். இப்போது நான் டேக்குகளை அழிப்பதில்லை, தனியாக ஒரு டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன். பாடகர் குழுவுக்குக்கூட மூச்சைப் பாதிக்குப் பாதிதான் வெட்டுகிறேன். இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை.

இத்தனை வருஷம் உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் எந்த ஊர் ஸ்டைல், எந்த மாதிரி பீட் என்றுதான் முதலில் கேட்டிருக்கிறேன். யாருக்குப் பாடப் போகிறீர்கள் என்று கேட்டதே இல்லை, இப்போதெல்லாம் அதற்குப் பதில் கிடைக்காமல் மைக்கைத் திறக்க எனக்கு மனசு வருவதில்லை.