ஆறு கூடை, ஒரே சுழி

ரோசி. அவள் நாத்தனார் ஸ்டெல்லா. செசீலி. லூர்து. ஞானம். கடைசியாக நான். எஸ்டேட் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பாடியவர்கள் இவ்வளவுதான். மற்ற நாளில் எல்லோருக்கும் தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலை.

நேற்று எங்கள் மலை டவுனான தானா ராத்தா பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணின் காதில் அந்தச் சுழி ஆடியது. நடுவில் சுருண்டு, மேலே ஏறி, வால் கீழே வளைந்து நிற்கும். என்ன தோடு என்று கேட்டேன். "ட்ரெபிள் கிளெஃப், ஆன்ட்டி. மியூசிக்ல வரும்" என்றது. பெயர் எனக்கு நேற்றுதான் தெரியும். சுழியை எழுபதுகளின் தொடக்கத்திலேயே தெரியும்.

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையம்மா கோயிலுக்கு ஒரு பாட்டுப் புத்தகம் விட்டுப் போனார். எங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரியும் அந்தச் சுழியோடு தொடங்கும். ரோசிக்கு அது பிடித்துப்போனது. கோப்பையின் அடியில், தலையணை உறையில், வீட்டுக் கதவில் எல்லாம் போட்டாள். கொழுந்துக் கூடையிலும் போட்டாள். எழுதத் தெரியாதவர்கள் கூடைக்கு மீன், நட்சத்திரம் என்று ஏதாவது அடையாளம் போடுவது வழக்கம். அவள் கூடையில் பெயிண்ட் வாசனை போவதற்குள் நாங்கள் ஐந்து பேரும் அதையே வரைந்துகொண்டோம். அழகாக இருந்தது. அதற்கு மேல் யோசிக்க எங்களுக்கு ஏது மூளை?

நிறுவை நேரத்தில், கணக்கு எழுதும் கிராணி கத்தினார். "ஆறு கூடையிலயும் நத்த ஊருது. எத யாரு பேருல எழுதுறது?"

"நத்த இல்ல கிராணியாரே, பாட்டு" என்றாள் ரோசி.

"பாட்டுக்குச் சம்பளம் கெடயாது லா."

அன்றைக்கே சுழிக்குக் கீழே புள்ளி வைத்தோம். ரோசிக்கு ஒன்று. எனக்கு ஆறு.

பிறகு கார்டு பிரச்சினை வந்தது. இந்த நாட்டுப் பிரஜை ஆனவர்களுக்கு நீலக் கார்டு, ஆகாதவர்களுக்குச் சிவப்பு. சிவப்புக்கு வேலை பெர்மிட் வேண்டும். ரோசிக்கு நீலம். அவள் புருஷனுக்குச் சிவப்பு. பெர்மிட் வரவில்லை. வராதவர்கள் கடல் தாண்டிப் பூர்வீக ஊருக்கே திரும்ப வேண்டும்.

"நீ இருந்துடு லா. ஒனக்கு நீலந்தான?" என்றேன்.

"அங்க அவருக்கு யாரு இருக்கா? நான் பக்கத்துல இல்லாட்டி அந்த மனுசனுக்குச் சோறு எறங்காதுடி."

அந்த ஞாயிறு பாடினாள். திங்கள்கிழமை கூடையை ஸ்டோரில் ஒப்படைத்தாள். புருஷனோடு கப்பலுக்குப் போய்விட்டாள். ஸ்டெல்லாவும் செசீலியும் சிவப்பு. பின்னாலேயே போனார்கள். கடிதம் எதுவும் வரவில்லை. எழுதத் தெரிந்தால்தானே.

லூர்து மகனோடு டவுனுக்குப் போனாள். ஞானம் செத்துப்போனாள். அவளை எடுத்த அன்று கோயிலில் நான் மட்டும் பாடினேன்.

இப்போது கொழுந்தை மெஷின் வெட்டுகிறது. கோயில் பூட்டிக் கிடக்கிறது. என் கூடையை யாரும் திரும்பக் கேட்கவில்லை. அடுப்படியில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். பெயிண்ட் இன்னும் போகவில்லை.

புள்ளி ஆறு. ஆள் ஒன்று.