சாமி இரண்டு கையையும் தூக்கினார்

செஞ்சியில் எங்கள் எதிர்வீட்டு மாடியில் ஒரு சாமியார் குடியிருக்கிறார். நாற்பத்தெட்டு நாள் மௌன விரதம் எடுத்திருந்தார். காலையில் மொட்டைமாடியில் கோட்டை மலையைப் பார்த்தபடி நிற்பார். கீழிருந்து கும்பிட்டால் தெருப்பக்கம் திரும்பி வலது கையைத் தூக்கி ஆசீர்வதிப்பார்.

அன்று நல்ல பனி. மலை தரையை விட்டு மிதந்தது. அதன் முன்னால் சாமியும் மிதப்பது போலத்தான் இருந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து கும்பிட்டவள், அப்படியே சொக்கி நின்றுவிட்டேன். சாமி கை தூக்கினார். பிறகு இரண்டு கையையும் தூக்கி வேகமாக ஆட்டினார்.

"அக்கா, உனக்கு மட்டும் ரெண்டு கையாலயும் குடுக்குறாரு!" என்றாள் பக்கத்து வீட்டு செல்வி. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா, பின்னால பாரும்மா! ஊடு பொகையுது!"

கத்தியது சாமி. உள்ளே ஓடினேன். பால் சுண்டிப் பாத்திரம் கருகி, பக்கத்தில் தொங்கிய கைத்துணி எரிந்துகொண்டிருந்தது. கேஸை மூடி, துணியை அணைத்து, ஓடிவந்து மன்னிப்புக் கேட்டேன். அன்று அவருக்கு நாற்பத்தேழாவது நாள்.

சாமி சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "இன்னா பண்றது? இன்னிக்கு மொதல் நாளு."

இப்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கும்பிடப் போகிறேன். சாமி கை தூக்கினால், முதலில் திரும்பி என் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.