கண்ணீரை அளந்த காகிதம்

சமூகவியலில் பட்டம் பெற்ற கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, கண்ணீரை அளப்பது. இதைச் சொன்னால் இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. சேலத்தில் ஒரு கண் மருத்துவமனை, கண் வறட்சிக்கான இரண்டு சொட்டு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. ஒன்று பழைய மருந்து. மற்றொன்று கண்ணில் கூடுதல் நேரம் தங்கும்படி சற்றுக் கெட்டியாகச் செய்யப்பட்டது. இரண்டும் ஒரே மாதிரிப் புட்டிகளில், எண் மட்டும் ஒட்டப்பட்டு வந்தன. எந்த எண்ணுக்குள் எந்த மருந்து என்பது போட்டுக்கொள்கிறவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மனிதர்களின் நல்லெண்ணத்தைக்கூட நம்பாமல் உண்மையைத் தேடும் ஒரு வழி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏற்காட்டு மலைக்காற்றிலும் விறகடுப்புப் புகையிலும் இருப்பவர்களையும் ஆய்வில் சேர்க்க வேண்டும் என்பது டாக்டரின் விருப்பம். அவர் என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். குறைவாகப் பேசும் பெண்மணி. நாகலூர்ப் பக்கத்து காப்பி எஸ்டேட் ஒன்றில் வேலை செய்த, நாற்பது வயது கடந்த பதினொரு பெண்கள் சேர்ந்தார்கள். பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை நான் பஸ் ஏறிப் போவேன். காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் மஸ்டர் கொட்டகையை, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பிற்பகலில் எனக்கு ஒழித்துக் கொடுப்பார்.

வேலை எளிதானது. விரல் நீளமுள்ள உறிஞ்சு காகிதத்தின் நுனியை மடித்துக் கீழிமையில் மாட்ட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து எடுத்து, எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். சோதனை நாளன்று காலையிலிருந்து மருந்து போடக் கூடாது. மருந்து தொடங்கிய பிறகும் நனைவு ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அவரை உடனே சேலத்துக்கு அனுப்ப வேண்டும். தேறியிருந்தால், டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலே வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இந்த விதிகளை நான் வேதம்போலக் கடைப்பிடித்தேன். ஒன்றை மட்டும் விதி சொல்லவில்லை, நானாகச் செய்தேன். அவர்களுக்குப் புரியவைப்பது என் கடமை என்று எண்ணி, "பேப்பர் நல்லா நனைஞ்சா கண்ணு குணமாகுதுன்னு அர்த்தம்" என்று முதல் நாளே விளக்கினேன். காகிதம் நனைந்திருந்தால் மகிழ்ந்தேன். நனையாவிட்டால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் முகம் சொல்லியிருக்கும்.

அவர்களில் ஒருவருக்கு மட்டும் முதல் சோதனையில் இரண்டு மில்லிமீட்டர்கூட நனையவில்லை. ஐம்பதை நெருங்கும் பெண். வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளான லைனில், எட்டாம் நம்பர் வீட்டில் தனியாக இருந்தார். கண்ணில் மணல் கொட்டியதுபோல் இருக்கிறது என்றார். வாய் உலர்ந்துபோகிறது, தண்ணீர் இல்லாமல் களி இறங்குவதில்லை, மணிக்கட்டு வீங்குகிறது என்றும் சொன்னார். என் படிவத்தில் வாய்க்கும் மணிக்கட்டுக்கும் இடமில்லாததால் கண்ணைப் பற்றியதை மட்டும் எழுதிக்கொண்டேன். அடுத்த முறை அவருக்கு ஒன்பது, அதற்கடுத்து பன்னிரண்டு. மற்றவர்களுக்கும் ஏறிக்கொண்டே போனது. சேலத்து நோயாளிகளைவிட என் மலைப் பெண்கள் வேகமாகத் தேறுகிறார்கள் என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டு, "நல்லா இருந்தா சந்தோஷம்தான்" என்று மட்டும் சொன்னார்.

நான்காவது மாதத்தில் ஒரு நாள் ஏற்காடு கடைவீதியில் அந்த எஸ்டேட்டின் ஜீப் கிடைத்தது. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தேன். கொட்டகைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தை வைத்து உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கண்ணீர் தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. எட்டாம் நம்பர் வீட்டுக்காரர் மட்டும் சற்றுத் தள்ளி அண்ணாந்து அமர்ந்து, புட்டி மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க எல்லாரும்?" என்றேன்.

யாரும் பதறவில்லை. அவர்களில் வாய் துடுக்கானவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரிச்சைக்குப் படிக்கிறமுங்க அம்மிணி" என்றார். மறுபடியும் சிரிப்பு.

"யார் இப்படிச் செய்யச் சொன்னாங்க?"

"சொல்லணுமாங்க? பேப்பர் காஞ்சிருந்தா உங்க மொகம் வாடிப்போவுது. அத்தன தூரம் பஸ்ஸேறி வருது இந்தப் புள்ள, நம்மளால அதுக்கு டாக்டர்கிட்ட பேச்சு வரக்கூடாதுன்னு பேசிக்கிட்டமுங்க."

"அப்போ கண்ணு எரிச்சல் கொறஞ்சிருக்குன்னு சொன்னதெல்லாம்?"

"கொஞ்சம் கொறஞ்சிருக்குங்க. பொய் ஒண்ணும் இல்லீங்க." அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "இல்லியா புள்ள?"

"எனக்கு அப்படியேதான் இருக்குது" என்றார் அவர். "நீதான் கொறஞ்சிருச்சுன்னு சொல்லச் சொன்ன."

நான் தள்ளி உட்கார்ந்திருந்தவரிடம் போனேன். "நீங்க ஏனுங்க மருந்து போடறீங்க? இன்னிக்குப் போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே?"

அவர் பதில் சொல்வதற்குள் துடுக்குக்காரர் முந்திக்கொண்டார். "அதுக்கு ஒரு மூட்ட வெங்காயம் உரிச்சாலும் வராதுங்க. இவிய மாமியா செத்தப்பவே ஒரு பொட்டுத் தண்ணி வல்லீங்க. லைன் பூரா பேசுச்சு, கல்லு நெஞ்சுக்காரின்னு."

"நானும் அப்படித்தானுங்க நெனச்சுக்கிட்டேன்" என்றார் அந்தப் பெண், புட்டியை மூடியபடி. "அழுவணும்னுதான் இருந்துச்சு. வல்லீங்க."

"இப்போ கண்ணு எப்படிங்க இருக்கு?"

"எடது கண்ணு நொம்ப எரியுதுங்க. வெளிச்சத்தப் பாக்க முடியறதில்ல. பத்து நாளா எதிர்ல வர்ற ஆளு பொகையா தெரியுது. உங்ககிட்டச் சொன்னா மருந்து சரியில்லைன்னு ஆயிருமேன்னு..."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய உண்மையான அளவு இரண்டாகவே இருந்திருக்கிறது. விதிப்படி அவர் மூன்று மாதத்துக்கு முன்பே சேலத்துக்குப் போயிருக்க வேண்டியவர். நான் எழுதிய ஒன்பதும் பன்னிரண்டும் அவரை மலையிலேயே நிறுத்தி வைத்திருந்தன. அவருடைய கண் போனால் அதற்கு வெங்காயமோ அறியாமையோ காரணமாக இருக்காது. வாடிய என் முகம் காரணமாக இருக்கும்.

அன்று யாருக்கும் காகிதம் வைக்கவில்லை. ரைட்டரிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன். ஏற்காட்டில் மாறி, சேலம் பஸ்ஸில் மலை இறங்கும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். நடந்ததை அப்படியே சொன்னால் மலையில் எடுத்த அத்தனை அளவுகளும் பயனற்றுப் போகும். எஸ்டேட்டில் அனுமதியை நிறுத்திவிடலாம். பதினொரு பெண்கள்மீதும் ஏமாற்றுக்காரர்கள் என்ற பழி விழலாம். இந்த ஒருவரைக் காட்டி மற்றதை மறைத்தாலோ, பயன் இல்லாத மருந்து பயனுள்ளதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஆயிரம் பேர் கண்ணில் விழும். அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதே இருக்காது என்பதுதான் அதில் மிக மோசமாகத் தோன்றியது. சேலம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். என் பக்கத்தில் அவர் சேலைத் தலைப்பால் இடது கண்ணைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார்.

மருத்துவமனையில் டாக்டர் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். முழுவதையும் நின்றபடியே சொன்னேன். வெங்காயத்தைக் கேட்டு அவர் உதடு லேசாக அசைந்தது. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "வெங்காயம் உரிச்சா உங்களுக்குக் கண்ணீர் வராதா?" என்றார்.

"வராதுங்க."

"எத்தனை வருஷமா?"

"ஏழெட்டு வருசமா இருக்குங்க."

"வாய் காயுமா? மூட்டு வலிக்குமா?"

அவர் என்னைப் பார்த்தார். "அம்மிணிகிட்டச் சொன்னனுங்களே."

நான் தலை குனிந்தேன். டாக்டர் அவருடைய கண்ணில், புண் இருந்தால் அதில் பிடிக்கும் மஞ்சள் சாயம் விட்டு, கருவிக்கு முன்னால் உட்காரவைத்து வெகுநேரம் பார்த்தார். சுவரோரம் நின்றிருந்த எனக்கு அந்தச் சில நிமிடங்கள் கடக்கவே இல்லை.

"இடது கண்ணுல கருவிழிமேல தோல் உரிஞ்சிருக்கு" என்றார் கடைசியில். "புண் இன்னும் ஆழமாகலை. இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா வடு விழுந்திருக்கும். இப்போ காப்பாத்திரலாம்." பிறகு அந்தப் பெண்ணிடம் குரலைத் தணித்துச் சொன்னார்: "உங்க உடம்பே கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் கெடுக்குது. மூட்டு வலியும் அதே நோய்தான். உங்களுக்கு அழுகை வராம இல்லை, கண்ணீர்தான் சுரக்கலை."

"இத லைன்ல வந்து ஒருக்கா சொல்லுவீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"சொல்றேன்" என்றார் டாக்டர். அடுத்த முறை மேலே போனபோது, துடுக்குக்காரரின் வீட்டு வாசலில் நின்றே சொன்னார்.

என் வேலை போகவில்லை. நாகலூரில் எடுத்த அளவுகள் அனைத்தையும் டாக்டர் கணக்கிலிருந்து விலக்கினார். ஏன் விலக்கப்பட்டன என்பதை என் கைப்பட எழுதி, அறிக்கையோடு சேர்க்கச் சொன்னார். பெண்களைப் பற்றி ஒரு குறைச்சொல்கூட அதில் வரக்கூடாது என்றேன்; வரவேண்டிய அவசியமே இல்லை என்றார். பிறகு அங்கே புதிதாகத் தொடங்கினோம். சோதனைக்கு முன் அரைமணி நேரம் என் எதிரிலேயே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அளவை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். படிவத்தின் பின்பக்கத்தில், கேட்காத எதையும் எழுத இடம் விட்டோம். புதிய அளவுகள் சாதாரணமாக இருந்தன, கூடுவதும் குறைவதுமாக. கெட்டி மருந்து சற்று மேல் என்றுதான் கடைசியில் தெரிந்தது. நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அந்தச் சிறிய முடிவை நான் முழுமையாக நம்பினேன்.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த வாரம் எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். மருத்துவமனையில் அவருக்கு மணிக்கொருதரம் மருந்து விட்டு, இரவில் களிம்பு போட்டார்கள். இருக்கிற கொஞ்சக் கண்ணீரும் மூக்குக்குள் வடிந்து வீணாகாமல் இருக்க, இமையோரத்துச் சிறு துளைகளை டாக்டர் சூட்டுக்கோலால் மூடினார். எட்டாம் நாள் மறுபடி மஞ்சள் சாயம் விட்டுப் பார்த்தார். "வாங்க, நீங்களும் பாருங்க" என்று என்னை அழைத்தார். கருவிழி கழுவிய கண்ணாடிபோல் இருந்தது. சாயம் பிடித்த இடம் எதுவும் தெரியவில்லை. எதிர்ச்சுவரிலிருந்த எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தைய வரிவரை, எழுத்துத் தெரிந்தவரைக்கும் தட்டுத்தடுமாறிப் படித்தார்.

அன்று மாலையே ஊருக்கு அழைத்துப் போனேன். சன்னலோர இருக்கையில் காற்றுப் படாமல் இருக்க நான் தட்டியை இறக்கிவிட்டேன். "எறக்காதீங்க அம்மிணி, கொஞ்சம் பாத்துட்டு வர்றேன்" என்றார். பாதி ஏற்றினேன். முதல் இரண்டு கொண்டை ஊசி வளைவுகள்வரை சேலம் கீழே விரிவதைப் பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது வளைவில் அவருடைய தலை என் தோளில் சாய்ந்தது. இமைகள் முழுவதுமாக மூடியிருந்தன. பல மாதங்களாகக் கண் எரிச்சலில் அவர் சரியாக உறங்கியதே இல்லை. ஏற்காடு வந்து கண்டக்டர் குரல் கொடுத்த பிறகும், நாகலூர் பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்ததால், நான் அவரை எழுப்பவில்லை.