வேண்டாம் என்று ஓர் அட்டை

1. முதல் நாள், முதல் கடி

எண்பதுகளின் நடுவில், தலைநகர்ப் பகுதியான பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கிய சிறிய மையத்தில் வீட்டுப் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்தேன். பேச்சு வராத பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குப் போய், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுப்பது வேலை. அதற்கு முன் நான்கு வருடம் பாலர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆட்டிசம் என்ற சொல்லையே நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள்தான் கேள்விப்பட்டேன்.

எனக்குக் கிடைத்த முதல் வீடு துறைமுக ஊரான கிள்ளானில் இருந்தது. அம்மா சரோஜா கிரில் கதவின் பூட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டு, உடனே மறுபடி பூட்டினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். தொறந்து வச்சா ரோட்டுக்கு ஓடிருவா."

மகள் தேவிக்கு ஆறு வயது. மேசைக்கு அடியில் உட்கார்ந்து சட்டி மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். நான் பாலர் பள்ளிப் பழக்கத்தில் ஒரு பாட்டைப் பாடி, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அடுத்த நொடி என் முன்கை அவள் வாயில் இருந்தது.

சரோஜா பதறவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து தைலத்தை எடுத்துக் கொடுத்தார். "வர்றவங்க எல்லாருக்கும் இங்கயே வச்சிருக்கேன்," என்றார்.

மாலையில் மையத் தலைவி மிஸஸ் டேனியலிடம் போய்க் கையைக் காட்டினேன். அவர் முன்பு மருத்துவமனையில் தாதியாக இருந்தவர்.

"ரத்தம் வந்துச்சா?"

"இல்ல மேடம், பல் தடம் மட்டுந்தான்."

"அப்ப பரவால்ல லா. அடுத்த தடவ ஃபுல் ஸ்லீவ் போட்டுக்கிட்டு போங்க."

2. பன்னிரண்டு அட்டைகள்

வாரம் இரண்டு நாள் போனேன். பேச முடியாத பிள்ளை படத்தை எடுத்து நம் கையில் கொடுத்தால், அந்தப் பொருளை நாம் கொடுக்க வேண்டும், அதுதான் பயிற்சி. பத்திரிகை விளம்பரத்திலிருந்தும் பிஸ்கட் பொட்டலத்திலிருந்தும் படங்களை வெட்டி, அட்டையில் ஒட்டி, புத்தகத்துக்குப் போடும் பிளாஸ்டிக்கால் உறை போட்டேன். சுவரில் ஒரு கயிற்றைக் கட்டி, துணி கிளிப்பால் மாட்டி வைத்தோம்.

மூன்றாவது வாரம் தேவி பிஸ்கட் அட்டையைத் தானாக எடுத்து வந்து அம்மாவின் கையில் வைத்தாள். சரோஜா பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதார். அதற்குள் தேவி அதே அட்டையை இன்னும் ஆறு முறை கொண்டு வந்துவிட்டாள். அன்று பொட்டலம் காலி.

இரண்டு மாதத்தில் பன்னிரண்டு அட்டைகள் சேர்ந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கடிப்பது நிற்கவில்லை. அப்பா முனியாண்டி துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது நின்று சொன்னார்:

"டீச்சர், பிஸ்கட் கேக்கக் கத்துக்கிட்டா, நல்லதுதான். நேத்து பக்கத்து வீட்டுப் புள்ளய கடிச்சிட்டா. எங்க அக்கா ஈப்போல ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கு. அங்கயே தங்க வச்சிப் பாத்துக்குவாங்களாம். அடுத்த மாசம் வேலைல ஓஃப் கெடைக்கிறப்ப கொண்டுபோய் விடலாம்னு இருக்கோம்."

 மகளின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த சரோஜா, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

அந்த அக்கா பாக்கியத்தை எனக்கும் தெரியும். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருந்தார். வரும்போதெல்லாம் தேவியின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவார், கடி வாங்குவார், திட்டுவார், மறுநாளும் வருவார். என் அட்டைகளை அவருக்குப் பிடிக்காது. "இப்படிப் படத்த காட்டிக் காட்டியே புள்ளய ஊமையாக்கிருவீங்க," என்பார்.

3. கடி நோட்டுப் புத்தகம்

மிஸஸ் டேனியலிடம் ஓடினேன். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். "ஒவ்வொரு கடிக்கும் முன்னால என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. சரோஜாவையும் எழுதச் சொல்லுங்க."

பத்து நாளில் பதினான்கு கடிகள் பதிவாயின. அவித்த முட்டையை ஊட்டியபோது. தலை சீவியபோது. பாக்கியம் அக்கா கன்னத்தைக் கிள்ளியபோது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சட்டி மூடியைப் பிடுங்கியபோது. "இன்னொரு தடவை செய்" என்று நான் சொன்னபோது, அது மட்டும் மூன்று முறை.

மிஸஸ் டேனியல் படித்துவிட்டு, என் பன்னிரண்டு அட்டைகளின் பட்டியலையும் கேட்டார். பிஸ்கட், தண்ணீர், ஊஞ்சல், பந்து, பாட்டு என்று வரிசையாகச் சொன்னேன்.

"எல்லாமே வேணும், வேணும், வேணும். ஒரு நாள் முழுக்க நீங்க 'வேணும்'னு மட்டுந்தான் சொல்லலாம்னா என்ன பண்ணுவீங்க?"

நான் யோசித்துப் பார்த்தேன். "கடிப்பேன் மேடம்."

"போய் பதிமூணாவது அட்டைய செய்ங்க. ஆனா ஒண்ணு. அந்த அட்டைய அவ குடுத்தா, கொஞ்ச நாளைக்கு யாரா இருந்தாலும் உடனே நிறுத்திரணும். ஒரு தடவ ஏமாத்தினீங்கன்னா, அட்டைய போட்டுட்டு பல்லுக்குத்தான் போவா."

சரோஜா தம் உள்ளங்கையைச் சிவப்புக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டார். நான் வெட்டி ஒட்டினேன். ஐந்து விரலையும் விரித்து 'வேண்டாம்' என்று நிறுத்தும் கை. முட்டையைக் காட்டுவோம், அவள் முகம் சுளித்ததும், பல் வருவதற்கு முன், சரோஜா பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து அட்டையை எடுத்து என்னிடம் கொடுக்க வைப்பார், முட்டை உடனே காணாமல் போகும். முதல் நாளே நான்கு முட்டை காணாமல் போயின. நானும் சரோஜாவும் ஆளுக்கு இரண்டாகச் சாப்பிட்டோம்.

4. நான்கு நிமிட வேலை

அந்த அட்டையின் பயன் தெரிந்ததும் தேவி வீட்டையே ஆள ஆரம்பித்தாள். சீப்புக்கு வேண்டாம். குளியலுக்கு வேண்டாம். டிவியில் செய்தி வாசித்தவருக்கு வேண்டாம்; டிவி கண்ணாடியில் அட்டையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாளாம். முனியாண்டி வேலை முடிந்து வந்து பாடிய பாட்டுக்கும் வேண்டாம். "இத்தன வருஷமா நானும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்," என்றார் சரோஜா. அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய், உட்கார்ந்து, மரக்கட்டைகளை எடுத்தேன். தேவி சிவப்பு அட்டையை என் மடியில் வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய் என் சிலிப்பரைக் கொண்டு வந்து காலடியில் போட்டாள். விதி விதிதானே, கிளம்பினேன்.

"எவ்வளவு நேரம் வேல பாத்தீங்க?" என்று கேட்டார் மிஸஸ் டேனியல்.

"நாலு நிமிஷம் மேடம். அதுல ஒரு நிமிஷம் சிலிப்பர் மாட்டினேன்."

அவர் ரிப்போர்ட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினார். நான் கேலி என்று நினைத்தேன். மாதக் கடைசியில் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் புரிந்தது. அந்த வாரம் முழுக்க ஒரு கடி கூட இல்லை.

5. பாக்கியம் அக்கா வந்த நாள்

முனியாண்டிக்கு ஓஃப் கிடைத்த நாளில் நானும் அங்கே இருந்தேன். பாக்கியம் ஈப்போ ஹோமின் விண்ணப்பப் பாரத்தோடு வந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, "எஞ் செல்லம்," என்று வழக்கம்போல் கன்னத்துக்குக் கையை நீட்டினார்.

தேவியின் வாய் திறந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். தேவி சட்டென்று திரும்பி, சுவருக்கு ஓடி, கிளிப்போடு அட்டையைப் பிடுங்கி வந்து அத்தையின் கையில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

பாக்கியம் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "என்ன இது?"

"வேணாம்னு சொல்றா அண்ணி," என்றார் சரோஜா.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

முனியாண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். பாக்கியம் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மெதுவாக உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இத்தன நாளா கடிச்சது, வேணாம் வேணாம்னுதானா?"

சரோஜா தலையை ஆட்டினார்.

"கிள்ளாம எப்படிக் கொஞ்சுறதுன்னு சொல்லுங்க டீச்சர்," என்றார் பாக்கியம் என்னிடம்.

"பக்கத்துல சும்மா உக்காருங்க அக்கா. அவளா வரட்டும்."

அரை மணி நேரம் பாக்கியம் பேசாமல் உட்கார்ந்தார். அவர் பேசாமல் இருந்ததை முனியாண்டி பிறந்ததிலிருந்து பார்த்ததில்லையாம். தேவி சட்டி மூடியோடு வந்து, அத்தையின் காலருகே உட்கார்ந்து, முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். பாக்கியம் அசையாமல் கண்ணைத் துடைத்தார். போகும்போது பாரத்தைத் தாமே எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்த மாதிரி இன்னொண்ணு செஞ்சி குடுங்க டீச்சர்," என்றார். "வீட்ல அவருகிட்ட நான் காட்டணும்."

6. பிறகு

தேவி எங்கும் அனுப்பப்படவில்லை. கொஞ்சங்கொஞ்சமாக 'பிறகு', 'ஒரு தடவை மட்டும்' என்றெல்லாம் அட்டைகள் வந்தன. குளியல் மறுபடி நடந்தது. ஒன்பது வயதில் ஒரு நாள், அட்டையைத் தேடிக் கிடைக்காமல், முட்டையைப் பார்த்து "ணாம்" என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் சொல். 'அம்மா'வாக இல்லையே என்று சரோஜாவுக்குச் சின்ன வருத்தம். ஆனாலும் அந்த 'ணாம்' கேட்பதற்காகவே ஒரு வாரம் தினமும் முட்டை அவித்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த அட்டையை முதலில் செய்வது என்று என்னைக் கேட்பதுண்டு. 'வேண்டும்' அட்டையோடு 'வேண்டாம்' அட்டையையும் சேர்த்தே கொண்டுபோங்கள் என்பேன். நான் இரண்டு மாதம் தாமதமாகக் கொண்டுபோனேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒரு பிள்ளையை வீட்டைவிட்டே அனுப்பியிருப்பார்கள். அட்டை செய்வது பத்து நிமிட வேலை. பிள்ளை அதை நீட்டும்போது, நாம் செய்துகொண்டிருப்பது எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும் நிறுத்துவதற்கு, எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.