திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ‘கொஞ்சம்’ என்பதை என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். போன கோடையில் ஊர்க் கூட்டம் என்று தெரிந்ததிலிருந்து, “நீ பேசாத இரு, நான் பாத்துக்கிறேன்” என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அவர் பார்த்துக்கொள்கிற அழகு எனக்குத் தெரியும். நாலு பேரைக் கண்டால் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கூட்டமே எங்கள் மாடியைப் பற்றித்தான். மாடியில் அறை கட்டி, ஒடிசாவிலிருந்து வந்த நான்கு பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் அவர்களுக்கு வேலை. எங்கள் ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வரதய்யபாளையத்துக்குப் பக்கம். கம்பெனிகள் வந்தபிறகு வெளியூர்ப் பிள்ளைகள் வருவது இங்கே புதிதில்லை. அந்தக் கோடையில் ஊர் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போனதுதான் புதிது. குழாயடியில் வீட்டுக்கு ஒரு முறை என்று வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் இந்த மாதத்தோடு காலி செய்ய வேண்டும் என்று எதிர்வீட்டு அண்ணன்தான் கூட்டம் போடச் சொன்னார். பக்கத்து ஊரில் இதே மாதிரி காலி செய்யச் சொல்லித்தான் அந்தப் பெண்கள் எங்களிடமே வந்திருந்தார்கள். இங்கேயும் விரட்டினால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

எங்கள் ஊர் பாதி தெலுங்கு, பாதி தமிழ். ஒரு காலத்தில் கூலிக்குப் போன எங்கள் தமிழ் ஆட்களுக்குத் தெலுங்கு சரியாக வராதாம். அப்போது வந்த வழக்கம் ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. ஒருவர் தெலுங்கில் பேசினால், அவருக்குப் பதில் சொல்லப்போகிற தமிழ்க்காரர் முதலில் அவர் பேசியதைத் தமிழில் ஊருக்குச் சொல்ல வேண்டும். தமிழில் பேசினால் தெலுங்குக்காரர் சொல்ல வேண்டும். பேசினவர் ‘சரி’ என்று தலையாட்டின பிறகுதான் பதில். இப்போது எல்லோருக்கும் இரண்டு பாஷையும் தெரியும். ஆனாலும் இதை மட்டும் விடுவதில்லை.

சாயங்காலம் கங்கம்மா கோயில் முன்னால் கூடினோம். நடத்தியது ஊராட்சித் தலைவரான எங்கள் சர்பஞ்ச் அம்மா. எதிர்வீட்டு அண்ணன் எழுந்து தெலுங்கில் நிதானமாகப் பேசி முடித்தார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் செருப்பைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

“அண்ணன் இன்னா சொல்றாருன்னா, இந்தப் பொண்ணுங்க வந்து ஊரே கெட்டுப்போச்சாம். அவுங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கலையாம்.”

“நேனு அட்ல செப்பலேது!” என்று துள்ளிக் குதித்தார். “நான் எப்பம்மா அப்டி சொன்னேன்? மறுபடி சொல்லு.”

கூட்டம் சிரித்தது. சர்பஞ்ச் அம்மா என்னை முறைத்தார். வேறு வழியில்லை, அவர் சொன்னதை நிஜமாகவே நினைவுபடுத்தி, அவரே பேசுவதுபோல் சொல்ல வேண்டியிருந்தது.

“ஒரு வூட்டுக்கு ஒரு முறைதான் தண்ணி. இவங்க வூட்டுல கீழ ஒரு குடும்பம், மேல ஒரு குடும்பம், ரெண்டுக்கும் சேத்துப் புடிச்சிக்கிறாங்க. எங்களுக்குப் பத்தல. என் பொண்டாட்டி முட்டிவலியோட கழனிக் கிணத்துக்குப் போய்க்கினு கீறா.”

அவர் தலையாட்டினார். அந்த அக்கா குடத்தோடு நொண்டிக்கொண்டு போவதை நான் தினமும் பார்க்கிறவள்தான். என் வாயால் சொல்லும்போது அது வேறு மாதிரி இருந்தது. பதிலுக்கு நான் தயார் செய்து வைத்திருந்த சண்டையில் பாதி அங்கேயே கரைந்துபோனது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

“அந்தப் பொண்ணுங்களே பேசட்டும்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு பேரில் மூத்தவள் எழுந்தாள். அவளுக்குத் தமிழும் தெலுங்கும் வீட்டுப் பேச்சு அளவுக்குத்தான், கூட்டத்தில் பேச வராது. இந்தி நன்றாக வரும். ஊருக்கு அதைச் சொல்ல ஆள் வேண்டுமே! எங்கள் ஊரில் ஒழுங்காக இந்தி தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். வருஷக்கணக்கில் லாரி ஓட்டி வடக்கே போய் வந்தவர். எதிர்வீட்டு அண்ணன்.

“நான் எப்டிங்க இவங்களுக்காகப் பேசுறது?” என்று அவர் இழுத்தார்.

“பதில் சொல்லப் போறது நீதானய்யா? அப்போ நீதான் சொல்லணும்” என்றார் சர்பஞ்ச் அம்மா.

அந்தப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டு மெதுவாகப் பேசினாள். அவர் குனிந்து கேட்டுக்கொண்டார். நடுவில் ஏதோ கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“எங்க ஊர்லயும் கோடைல தண்ணிக்குச் சண்டைதான். நானும் எங்க அம்மாவும் குழாயடில நின்னவங்கதான். தண்ணி இல்லன்னா எங்களுக்குக் கம்மியா குடுங்க. எல்லாரும் புடிச்ச பிறகு குடுங்க. ஆனா...”

அங்கே நிறுத்திவிட்டார். அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆனா போகச் சொல்லாதீங்க. போன ஊர்லயும் சொன்னாங்க. ஒவ்வொரு தடவயும் மூட்டை கட்டிக்கினு எங்கதான் போறது?”

அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தவள் ‘சரி’ என்று தலையாட்டினாள்.

“சரி, இப்போ உன் பதில சொல்லு” என்றார் சர்பஞ்ச் அம்மா.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். “பதிலு இன்னா பதிலு” என்றார். “மாடிக்குத் தனியா ஒரு முறை போடுங்க. எங்க வூட்டுக்கு அடுத்து வெச்சிக்கலாம். இவங்க மாடியாளுங்க துணி தொவைக்கிறத மட்டும் லீவு நாள்ல வெச்சிக்கணும்.” முட்டிவலிக்கார அக்கா வீட்டுக்குத்தான் முதல் முறை என்று நான் எழுந்து சொன்னேன். அதை அவரே தெலுங்கில் திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாங்களும் மாடிப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக, வாசலில் எதிர்வீட்டு அண்ணனின் குரல். மாடியைப் பார்த்து இந்தியில் கத்திக்கொண்டிருந்தார். மறுபடியும் விரட்டுகிறாரோ என்று வெளியே ஓடினேன். குடத்தோடு தடதடவென்று இறங்கி வந்த மூத்தவளைப் பிடித்து நிறுத்தி, என்னவாம் என்று கேட்டேன்.

“திட்டுறாரு அக்கா,” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. “எங்க முறை வந்துடுச்சாம். இன்னும் தூங்குறீங்களான்னு திட்டுறாரு.”