ஒரு கடகம் கீரை

சேசம்மாளுக்கு எதையும் நிறுத்துப் பார்க்கும் பழக்கமே கிடையாது. தாராவியில் தோல் ஷாப்பில் வேலை பார்த்த எங்கள் பதினெட்டுப் பேருக்குப் பொங்கிப் போட்டவள் அவள். அரிசிக்குப் படி, உப்புக்குக் கை, கீரைக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த பனையோலைக் கடகம். கீரையை உதறிப் போட்டு அது நிறைந்தால் நாற்பது பேருக்குக் காணும். பாதி நிறைந்தால் நாங்கள் சாப்பிட்டதுபோக அவளுக்கும் இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் மாதா திருநாள் அசனத்துக்கு அவளைச் சமைக்கச் சொன்னார்கள். அதுவரை கோயில் விருந்தென்றால் ஆண்கள்தான் கரண்டி பிடிப்பார்கள். கமிட்டியில் பாதிப் பேருக்கு இஷ்டமில்லை. சேசம்மாளுக்கோ ஒரு வாரமாகக் கால் தரையில் பாவவில்லை.

"எரநூறு பேருலே சூசை. அஞ்சு கடகம் பாலக்கு சொல்லிட்டு வா," என்று என்னை அனுப்பினாள்.

மார்க்கெட்டில் அப்போதுதான் சேர் எடை போய்க் கிலோ வந்திருந்தது. கடகக் கணக்கு அங்கே செல்லாது. நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவன். அதற்கே எனக்குக் கணக்கு வரும் என்று ஒரு நினைப்பு. அந்தக் கடகத்தில் அரிசி இருபது கிலோ பிடிக்கும், நானே தலையில் சுமந்திருக்கிறேன். ஐயிருபது நூறு. மாஹிமில் காய்கறிக்கடை வைத்திருந்த சிராஜ் பாயிடம் நூறு கிலோ என்றேன்.

"பெரிய அசனமோ?"

"பின்னே?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் கைவண்டி வந்தது. கீரையை இறக்கினார்கள், இறக்கினார்கள், கோயில் வாசலே மறைந்துபோனது. கமிட்டித் தலைவர் ஞானசீலன் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"திருநாள் மாதாவுக்கா, மாட்டுக்கா? யாருலே இவ்வளவு சொன்னது?"

நான் வாயைத் திறக்குமுன் சேசம்மாள் முந்திக்கொண்டாள். "நாந்தான் அண்ணாச்சி. வதங்குனா ஒண்ணுமில்லாமப் போயிரும்."

"வதங்கட்டும். ஒரு கரண்டி குப்பைக்குப் போனாலும் இனிமே கோயில் அடுப்புப் பக்கம் நீ வரப்படாது, சொல்லிட்டேன்."

அவர் தலை மறைந்ததும் என் காதைத் திருகினாள். இருபத்தாறு வயது எனக்கு. "ஏலே, அரிசி கடகத்துல கல்லு மாதிரி கெடக்கும். கீரையில பாதி காத்துல்லா! உக்காந்து ஆயிலே."

ஷாப் ஆட்கள் பதினெட்டுப் பேரும் உட்கார்ந்து ஆய்ந்தோம். அண்டா நிறைய அமுக்கினால் கால் அண்டாவாக வதங்கும். மறுபடி அமுக்குவாள். பருப்பையும் கூட்டிப் போட்டுக் கடைந்தாள். இருநூறு பேரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டார்கள். அப்படியும் மூன்று அண்டா பாக்கி. ஞானசீலன் கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேசம்மாள் கரண்டியோடு கோயில் வாசலில் போய் நின்றாள். "சீக்காளிக்கு, பிள்ளை பெத்தவளுக்கு, ஷிஃப்டுக்குப் போனவனுக்கு! தூக்குச்சட்டி கொண்டாங்க!"

அசனச் சாப்பாட்டை யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். வரிசை வீடுகளை அங்கே சால் என்பார்கள்; சால் சாலாகப் பாத்திரம் வந்தது. வராத சாலுக்கு நானே வாளியில் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாலு மணிக்கு அவள் அண்டாவைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினாள். ஞானசீலன் எழுந்து வந்தார்.

"அடுத்த வருசமும் நீயே செய்யி. ஆனா மார்க்கெட்டுக்கு இவன் வேண்டாம்."

"இவன்தான் போவான் அண்ணாச்சி. இனி இவனுக்கு மறக்காது."

மறக்கவில்லை. அடுத்த நாளே கடகத்தோடு என்னைச் சிராஜ் பாய் தராசுக்கு இழுத்துப் போனாள். உதறிப் போட்டால் நாலு கிலோ. அமுக்கி வைத்தால் ஆறரை. தண்ணீர் தெளித்த கீரையென்றால் அரைக்கிலோ கழிக்க வேண்டும். எண்களை அவள் சொல்லச் சொல்லக் கடகத்தின் விளிம்பில் கரியால் எழுதினேன்.

சில வருசம் கழித்துச் சேசம்மாள் நகரத்தின் மறுகோடியிலிருக்கும் சீத்தா கேம்ப்புக்குக் குடிபோனாள். போகும்போது கடகத்தை என்னிடம் விட்டுப் போனாள். ஓலை இற்று ஓரம் பிய்ந்துவிட்டது. இன்றைக்கும் என் வீட்டில் பாலக் வாங்கினால் முதலில் அதில்தான் உதறிப் போடுகிறேன். பெண்சாதி சிரிப்பாள். சிரிக்கட்டும்.