பதில் சொல்லாத பேருந்து

பார்வையற்ற ஒரு பெண் கேட்ட கேள்விக்கு நான் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. என்னோடு சேர்த்து ஒரு பேருந்து முழுவதையும் வாய்மூட வைத்தேன்.

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் காறித் துப்பினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை அல்லவா... கோழைக்கு அதுதான் வசதி.

நான் தனியார் பேருந்து நடத்துநர். மானாம்பதிக்கு அருகே ஒரு நிறுத்தத்தில் தினமும் காலையில் சுமதி நிற்பாள், கையில் வெள்ளைக் கோலோடு. "உத்திரமேரூர் வண்டியாண்ணா?" என்பாள். "ஆமாம்மா" என்பேன். படி உயரம். கோலால் தட்டிப் பார்த்து, கம்பியைத் தேடிப் பிடித்து ஏற இரண்டு நிமிடம் ஆகும்.

அந்த இரண்டு நிமிடம்தான் எனக்குக் கசந்தது.

அன்று வண்டி தாமதம். ஓட்டுநர் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். ஒருவர் இறங்க வேண்டியிருந்ததால் நின்றோம். அவள் வழக்கம்போலக் கேட்டாள். நான் உதட்டின்மேல் விரலை வைத்து, உள்ளே இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன்.

நாற்பது பேர். ஒருவர்கூடப் பேசவில்லை. இறங்கியவரும் தலையைக் குனிந்தபடி நடந்துவிட்டார்.

"இன்னா வண்டிண்ணா இது?" என்றாள். சற்றுப் பொறுத்து, "யாருனா கீறீங்களா?"

பட்டப்பகல். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்க்கிறோம்... அவள் கையை நீட்டி வண்டியின் தகரத்தைத் தொட்டாள். தடவிக்கொண்டே வாசலைத் தேடினாள், தவறான பக்கமாக. நான் இரண்டு விசில் கொடுத்தேன். அவள் விரல்களின் கீழேயே வண்டி நகர்ந்து போயிற்று.

அன்று உத்திரமேரூரில் அவளுக்கு வேலைக்கான நேர்காணல் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வண்டி ஒரு மணி நேரம் கழித்து. அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை.

அன்றே உத்திரமேரூரில் இறங்கியபோது பார்த்தேன். புழுதி படிந்த தகரத்தில் நான்கு விரல் தடம், வண்டியின் பின்பக்கம்வரை நீளமாக. நானே துடைத்தேன். மறுநாள் புழுதி படிந்ததும் அதே நான்கு கோடுகள்! என் விரல்களை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. வண்டிக்குப் புதிதாக வண்ணம் அடித்தார்கள். கோடுகள் எனக்கு இன்னும் தெரிகின்றன. ஓட்டுநருக்குத் தெரியவில்லையாம். பொய் சொல்கிறாரா, எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா?

சில வாரம் கழித்து அவள் மறுபடி அந்த நிறுத்தத்தில் நின்றாள். பக்கத்தில் கூடையோடு ஒரு பெண். நான் படியிலிருந்து குதித்து இறங்கினேன்.

"உத்திரமேரூர் வண்டிதாம்மா சுமதி. ஏறு, நான் புடிச்சிக்கிறேன்."

அவள் முகத்தை நேராக என் பக்கம் திருப்பினாள். வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு பக்கத்துப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னாள்:

"ஆளே இல்லாத வண்டி போலகீதுக்கா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை.

இன்றும் அங்கே நின்று கூவுகிறேன். அவள் அசைவதில்லை. வண்டியில் நாற்பது பேர் இருக்கிறோம்.